ராசாத்தி வீடு வந்து சேர்ந்த கதை

எங்கள் குடும்பத்தில் நிலத்தை விற்றவர்கள் உண்டு, வாங்கியவர்கள் உண்டு, வழக்குப் போட்டுத் தோற்றவர்களும் உண்டு. வாயை மட்டுமே முதலாகப் போட்டு ஒரு பூந்தோட்டத்துக்குச் சொந்தக்காரியானவள் என் அத்தை ஒருத்திதான். இதை யாரிடம் சொன்னாலும் பெருமையோடுதான் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அத்தை அப்பாவுக்குக் கடைசித் தங்கை. வத்தலக்குண்டில் வாழைக்காய் மண்டி வைத்திருந்த வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, மாமா காய்ச்சலில் போய்விட்டார். பொங்கல் கழிந்து ஒரு நாள் தகரப் பெட்டியும் கையுமாக, நிலக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் அத்தை வந்து இறங்கினாள். அப்போது எனக்கு எட்டு வயது. துக்கம் ஆறும்வரை பிறந்த வீடு, பிறகு வத்தலக்குண்டு என்று பெரியவர்களுக்குள் ஏற்பாடு. அங்கே செத்துப்போன மாமாவின் அண்ணன் குடும்பம் இருந்தது. அவரை நாங்கள் வத்தலக்குண்டு மாமா என்போம். அவர் மனைவி சீக்காளி, பிள்ளைகளோ ஒரு வண்டி. "அங்க போனா அந்த அடுப்படியவிட்டு ஆயுசுக்கும் வெளிய வரமாட்டா" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினார். பதில் தெரியாதபோதெல்லாம் அவருக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும்.

எங்களுடையது மல்லிகைத் தோட்டம். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்து, வெயில் ஏறுமுன் கூடையில் நிரப்பி, ஈரச் சாக்கால் மூடிக் கட்டி, வத்தலக்குண்டிலிருந்து வரும் காலை பஸ்ஸின் மேலே ஏற்றிவிட வேண்டும். பஸ்ஸை விட்டால் மொட்டு விரிந்துவிடும். விரிந்த பூவை நிலக்கோட்டை மார்க்கெட்டில் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பங்குனியில் எல்லாத் தோட்டமும் ஒன்றாகப் பூத்துத் தொலைக்கும், பறிக்க ஆள் கிடைக்காது. அதனால் அத்தையையும் இறக்கினார்கள். தலையில் பூ வைக்கக் கூடாது, ஆனால் மடி நிறையப் பறிக்கலாம். இந்தச் சட்டத்தைப் போட்டவர் யாரோ, நிச்சயம் பூந்தோட்டம் வைத்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

முதல் நாள் அவளைக் கண்டு பூப்பறிக்கும் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். துக்க வீட்டுக்காரி முன்னால் எதைப் பேசிச் சிரிப்பது? பள்ளிக்கூடம் போகுமுன் நானும் ஒரு வரிசை பறிக்க வேண்டும். அந்த மௌனம் தாங்காமல் நான் குளிருது, கை வலிக்குது என்று சிணுங்கினேன். வந்த நாள் முதல் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத அத்தை, "செத்த நேரம் சும்மா பறிடி, கதை சொல்றேன்" என்றாள்.

ஒரு ராசாத்தியின் கதை அது. புருஷன் செத்தபின் தாய் வீட்டுக்கு வந்தவள், அரண்மனைக்குத் திரும்பும் வழியில் மலைக்காட்டில் வழி தப்பிவிடுகிறாள். எனக்காகத் தொடங்கிய கதை, அடுத்த வரிசைக்காரியின் காதில் விழுந்தது. அவள் "அப்பறம்?" என்றாள். அதற்கடுத்த வரிசையும் "அப்பறம்?" என்றது. வெயில் வந்ததும் அத்தை மடியை உதறிக்கொண்டு, "மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்துவிட்டாள்.

மறுநாள் கூப்பிடுமுன்னே எல்லாரும் வந்து நின்றார்கள். வரிசையில் பின்தங்கினால் அத்தையின் குரல் கேட்காது. அதனால் அவள் வேகத்துக்கு எல்லாக் கைகளும் ஓடின. பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறவர்களும் எங்கள் வரப்பில் ஏறினார்கள். அப்பாவுக்கு நடப்பது விளங்கவில்லை. கூடை சீக்கிரம் நிரம்பியது மட்டும் விளங்கியது.

ஒரு நாள் வினை வந்தது. ராசாத்தி தாகத்துக்குக் குனிந்த சுனையில், அவளுக்குப் பின்னால் நிற்கும் புலியின் நிழல் தெரிகிறது. அத்தனை பேரும் பறிப்பதை விட்டுவிட்டு நின்றார்கள். ஒருத்தி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது, மறுபடி அடித்தது, போயே போய்விட்டது. புலி போனபின் பார்த்தால் கூடை பாதிதான். அப்பா தோட்டமே அதிரக் கத்தினார். அன்று மத்தியானம் வீடு முழுக்க மல்லிகை விரிந்து கல்யாண வீடுபோல் மணந்தது. எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு அத்தை தொழிலைப் பிடித்துக்கொண்டாள். பறிக்கும்போது ராசாத்தி நடப்பாள், மலை ஏறுவாள், வேடனோடு வாயாடுவாள். புலியும் அழுகையும் கூடையைக் கட்டியபிறகுதான் வரும். என் காலத்தில் எத்தனையோ பேர் கதை சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்பவர் கை நிற்காமல் சொல்லத் தெரிந்தவள் அவள்தான்.

வைகாசியில் வத்தலக்குண்டு மாமா முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார், நேரே தோட்டத்துக்கு. நல்ல மனிதர்தான், குரல்கூட உயர்த்தமாட்டார். வரப்பில் நின்று கொஞ்சம் கதை கேட்டார். பிறகு, "கிளம்பும்மா. வீடு வீடா இல்ல" என்றார். அத்தையின் கை மட்டும் பறித்துக்கொண்டிருந்தது, வாய் நின்றுவிட்டது.

எங்கள் தோட்டத்தில் பெருங்குரல்காரி அக்கா ஒருத்தி உண்டு. அவள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "நல்லா இருக்கே! ராசாத்தி நடுக்காட்டுல நிக்கிறா. அவள அம்போன்னு விட்டுட்டு இந்தப் புள்ள எங்கிட்டு வரும்? கதை முடியட்டும், அப்பறம் கூட்டிக்கிட்டுப் போங்க."

மாமா சிரித்துவிட்டார். "எப்பம்மா முடியும்?"

அத்தை தலை நிமிர்ந்தாள். "ராசாத்தி வீடு போய்ச் சேந்ததும் முடிஞ்சிரும், மாமா. சொல்லி விடுறேன்."

அப்பாவுக்கு அன்று அதிசயமாகப் பதில் தெரிந்திருந்தது. "இது போனா நாளைக்கு என் காட்டுல பறிக்க ஒரு ஈ காக்கா வராது, மச்சான்" என்றார். மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

அதற்கப்புறம் கதை போன போக்கு எனக்குப் பிடிக்கவேயில்லை. அரண்மனைக் கோபுரம் கண்ணுக்குத் தெரியும், அன்றைக்கென்று ஆற்றில் வெள்ளம் வரும். வெள்ளம் வடிந்தால் பாலம் இருக்காது. ராசாத்தி சுனையோரத்தில் போட்ட குடிசைக்கே திரும்பிவிடுவாள். "அவ போயே சேரமாட்டாளா அத்தே?" என்று நான் சலித்துக்கொண்டேன். "வழி அப்பிடி" என்பாள். மாமாவோ, காலை பஸ் கண்டக்டரிடம், கதை முடிந்துவிட்டதா என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார். பாவம், கதைமேல் இத்தனை ஆசை வைத்திருக்கிறாரே என்று, அதுவரை நடந்ததை எல்லாம் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பப் பார்த்தேன். சுனையை எட்டுமுன்பே அவர் விசில் ஊதிவிட்டார்.

ஆவணியில் மழை பிடித்தது. கிணற்றடியில் சும்மா கிடந்த துண்டு நிலத்தை அப்பா அத்தையிடம் காட்டி, "இத நீ வச்சுக்க" என்றார். பூப்பறிக்கும் பெண்களே குழி தோண்டி, மல்லிகைக் குச்சி நட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். கூலி என்ற பேச்சை எடுத்த அத்தையைப் பெருங்குரல்காரி அக்கா ஒரே அதட்டில் அடக்கிவிட்டாள். "கத கேட்டமே, அதுக்கு நாங்க என்ன குடுத்தோம்?"

மார்கழியில் பூ குறைந்தது, கதையும் மெலிந்தது. மறுபங்குனியில் கிணற்றடிச் செடிகளில் முதல் மொட்டு பிடித்தது. அன்று எல்லாரும் அத்தையின் துண்டு நிலத்தில்தான் பறித்தோம். ராசாத்தி மலைமேல் நிற்கிறாள். கீழே அரண்மனைச் சமையல்கட்டில் புகை தெரிகிறது. பாலம் இருக்கிறது, வெள்ளமும் இல்லை. ராசாத்தி செத்த நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் திரும்பி, இத்தனை நாள் தங்கியிருந்த சுனையோரக் குடிசைக்கே வந்து அடுப்பை மூட்டினாள். "அதான் அவ வீடு. அங்கனயே இருந்தா" என்று அத்தை முடித்துவிட்டாள்.

"இம்புட்டுதானா?" என்று நான் கேட்டேன். பெருங்குரல்காரி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மற்றவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். இந்தச் சப்பென்ற முடிவுக்கா இவ்வளவு என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று கூடையைத் தலையில் வைத்து, அத்தையே மெயின் ரோட்டுக்கு நடந்தாள். பஸ் வந்ததும் கண்டக்டரிடம், "அண்ணே, வத்தலக்குண்டு மண்டியில சொல்லிருங்க. கதை முடிஞ்சிருச்சு. ராசாத்தி வீடு வந்து சேந்துட்டா" என்றாள்.

"மாமாவுக்கு இந்த முடிவு புடிக்குமா அத்தே?"

"புடிக்காது."

"அப்ப மாத்திச் சொல்லேன்."

"மாட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஒரு வருஷம் ஊரே காது கொடுத்த கதையைக் கடைசியில் இப்படிக் கெடுத்துவிட்டாளே என்று பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். அங்கே தோழிகளுக்குச் சொன்னபோது முடிவை நானே திருத்தினேன். ராசாத்தியைப் பாலத்தைத் தாண்டவைத்து, பத்திரமாக அரண்மனைக்கே அனுப்பி வைத்தேன்.