வேலை செய்யவில்லை என்று ஒரு சான்றிதழ்

அந்தக் கட்டடத்தில் மன அழுத்தம் என்பது மாடிக்காரர்களுக்கு உரிய வசதி. காபி இயந்திரம் மாதிரி அதுவும் மூன்றாவது மாடியிலிருந்துதான் தொடங்கும். அங்கே அதற்கென்றே ஓர் அறை இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மூட்டை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாரம் ஒருமுறை மூச்சு விடச் சொல்லித்தர ஓர் அம்மாள் வருவார். நான் தரைத்தளத்தில், வண்டிப் பிரிவில், கான்ட்ராக்டரின் ஆள். மூச்சை நாங்களாகவே விட்டுக்கொண்டோம்.

ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் கண்ணாடிக் கட்டடம் என்று ஆகிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்காக்காரர்களுக்குப் போனில் பதில் சொல்லும் பிள்ளைகளை வீட்டு வாசலிலிருந்து ஏற்றிவர நாற்பது வண்டிகள் ஓடின. யாருக்கு எந்த வண்டி, யார் முதலில், யார் கடைசியில் என்று பட்டியல் போடுவது என் வேலை. கணக்குப் பரீட்சைக்குப் பயந்து ஒன்பதாம் வகுப்போடு நின்றவனிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்தவர்கள் என்னைவிடத் துணிச்சல்காரர்கள்.

ஒரு வண்டி போவன்பள்ளி மார்க்கெட் வாசலில் தக்காளி லாரிக்குப் பின்னால் நின்றுவிட்டால் போதும், எட்டுப் பேர் தாமதம். எட்டுப் பேரும் எனக்குத்தான் போன் செய்வார்கள். நாளாக ஆக, வீட்டில் குக்கர் விசிலடித்தால்கூட, “அஞ்சு நிமிஷம் மேடம், வண்டி கேட்லதான் நிக்குது” என்று பதில் சொல்ல ஆரம்பித்தேன். என் மனைவி முதலில் சிரித்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம் ஆபீஸ் மேசையில் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதைப் பார்த்து அழுதுகொண்டே இருந்தேன்.

மறுநாள் காலை அவள் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு டூட்டி நக்கோ, வேணாம். சட்டையப் போடுங்க, டாக்டர்கிட்ட போறோம்.”

எங்கள் சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்கென்று ஒரு பிடித்தம் உண்டு. அதற்கு ஈடாக அரசு மருந்தகத்தில் வைத்தியம். அந்த மருந்தகத்து டாக்டர் தெலுங்கில் விசாரித்தார்.

“என்ன வேலை? டிரைவரா?”

“இல்ல சார். டிரைவருங்களப் பத்திக் கவலப்படுற வேலை.”

அவர் பேனாவை மூடிவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். எத்தனை நாளாகத் தூக்கம் இல்லை, என்ன சாப்பிடுகிறேன் என்றெல்லாம் கேட்டார். நான் சொல்லத் தெரியாமல் விழித்ததையெல்லாம் என் மனைவி சொன்னாள். பிறகு, இரண்டு வாரம் ஓய்வு என்று எழுதினார். அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு ஆபீஸ் கொடுக்கும், இந்தச் சீட்டு இருக்கும்வரை வேலையை விட்டு நீக்கவும் முடியாது என்றார்.

“ஒரே நிபந்தனை. வேலை செய்யக் கூடாது.”

வேலை செய்யாமல் இருந்தால் காசு. இதில் எங்கோ ஏமாற்று இருக்கிறது என்று அப்போதே எனக்குத் தோன்றியது.

சீட்டைக் கொண்டுபோய் சூப்பர்வைசரிடம் நீட்டினேன். மதுரைப் பக்கத்துப் பையன், பட்டதாரி, என்னைவிடப் பத்து வயது இளையவன். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ஸ்ட்ரெஸ்ஸா? அண்ணே, அதெல்லாம் மாடில இருக்கவங்களுக்குண்ணே. நமக்கு வர்றது அசதி. ஒரு டீ அடிச்சா போயிரும்.”

“டாக்டர் எழுதியிருக்காரு தம்பி.”

“அவருக்கென்ன, எழுதுவாரு. இது மேல போனா எனக்குல்ல ஸ்ட்ரெஸ் வரும்? பேசாம ஒண்ணு பண்ணுங்க. சொந்த ஊருக்குப் போறேன்னு சம்பளமில்லாத லீவு எழுதிக் குடுத்துருங்க.”

“எந்த ஊருக்கு? வெள்ளக்காரன் காலத்துலேர்ந்து நாங்க இதே ஊரு, திருமுல்கேரிதான். இங்கேர்ந்து ரெண்டு பஸ் மாறினா ஒரு மணி நேரத்துல போயிடுவேன். அதுக்கு ரெண்டு வாரமா?”

என் வாழ்க்கையில் நான் எதிர்த்துப் பேசிய நாட்களில் அதுவும் ஒன்று. தைரியம் இல்லை, பக்கத்தில் மனைவி நின்றாள்.

ஓய்வு என்பது எவ்வளவு சிரமமான வேலை என்று மூன்றாம் நாள் தெரிந்தது. போவன்பள்ளியிலிருந்து வரும் பெண்ணை, மார்க்கெட் லாரிகள் வருவதற்கு முன் ஏற்ற வேண்டும் என்று எனக்குத்தான் தெரியும். அது யாருக்கும் தெரியாவிட்டால்? அவள் வேலை போய்விட்டால்? அதற்கு நான் காரணமாகிவிட்டால்? காய்கறி வாங்கி வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, இரண்டு பஸ் மாறி ஆபீஸுக்குப் போனேன். சும்மா எட்டிப் பார்க்கத்தான்.

வாசலில் காவலாளி வழக்கம்போல வருகைப் பதிவேட்டைத் தள்ளினார். நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். போடாமல் உள்ளே போனால் திருட வந்தவன் என்று நினைத்துவிட்டால்? உள்ளே பட்டியலைப் பார்த்தேன். மொத்தமும் தப்பு. நின்றபடியே திருத்திக் கொடுத்தேன். சூப்பர்வைசர், “உக்காந்தே போடுங்கண்ணே” என்று நாற்காலியை நகர்த்தினான். இப்படி நான்கு நாள். வீட்டில் அவள், “காய் எங்க?” என்று கேட்டால், மார்க்கெட்டில் ஒன்றும் நன்றாக இல்லை என்பேன். இந்தியாவின் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று பக்கத்திலிருக்க, நான்கு நாளும் அங்கே ஒன்றும் நன்றாக இல்லை.

இரண்டாவது வாரத் தொடக்கத்தில், பணம் கேட்டு நான் நீட்டிய தாளைக் காப்பீட்டு ஆபீஸ் குமாஸ்தா திருப்பித் தள்ளினார். கான்ட்ராக்டர் அனுப்பிய பதிவேட்டு நகலில் என் நான்கு கையெழுத்தும் அழகாக இருந்தன. வேலைக்குப் போயிருக்கிறீர்கள், அந்த நாட்களுக்கு அவர்கள்தான் தர வேண்டும் என்றார். கான்ட்ராக்டர் பக்கம் கேட்டால், நீங்கள் மருத்துவ விடுப்பு, அவர்கள்தான் தர வேண்டும் என்றார்கள். அதோடு விடவில்லை. வேலை செய்ய முடிந்தவர் நோயாளி எப்படி, சீட்டே பொய், ஆகவே ஆளை நிறுத்தலாமா என்று மேலிடம் யோசிப்பதாகத் தகவல் வந்தது.

காய்கறி விஷயத்தை அன்றைக்குத்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் செருப்பை மாட்டினாள். சூப்பர்வைசர் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, நீ படிச்சவன். சொல்லு. இவரு அந்த நாலு நாளும் வேலை செஞ்சாரா, இல்லியா?”

“அக்கா, அது வந்து...”

“செஞ்சாருன்னா நாலு நாள் சம்பளம் குடு. செய்யலேன்னா சீக்காளி, சீக்காளிய வேலைய விட்டு எடுக்கக் கூடாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு. கைக்கு, எதுக்கு இப்பிடி முழிக்கிற?”

சம்பளம் கொடுத்தால் நோயாளியிடம் வேலை வாங்கியதாக ஆகிவிடும், அது அவன் தலைக்கு வரும். அவன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தினான். மேற்படி நபர் குறிப்பிட்ட நான்கு நாட்களும் நண்பர்களைப் பார்க்க வந்தார், எந்த வேலையும் செய்யவில்லை; பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது தவறுதலாக நேர்ந்தது.

“கீழ ஒரு கையெழுத்துண்ணே. இதக் காட்டினா அங்க பணம் குடுத்துருவாங்க. வேலைக்கும் ஒண்ணும் ஆகாது.”

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நான்கு நாளும் போவன்பள்ளிப் பெண் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக வரவில்லை. என் பெயரில் முத்திரை போட்டு ஒருவர் எழுதிக் கொடுத்த முதல் சான்றிதழ் அது. நான் ஒன்றும் செய்யாதவன் என்று சொன்னது.

“போடுங்க” என்றாள் மனைவி. போட்டேன்.

பணம் பின்னால் வந்தது, வேலையும் தங்கியது. ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று டாக்டர் எழுதியதில் இன்னும் இரண்டு நாள் பாக்கி இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் வீட்டை விட்டு நகரவில்லை. நகரவில்லை என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் கையெழுத்து இல்லையே, நாளைக்கு யாராவது கேட்டால் எதைக் காட்டுவது என்றுதான் இரண்டு நாளும் உட்கார்ந்து யோசித்தேன்.