ரோஸ் சாயம் கசிந்த இடம்

வீரபாண்டியில் நான் செக்கிங் யூனிட் நடத்திய காலத்தில் என் வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். தைத்து வரும் பனியன்களை டியூப் லைட்டுக்கு அடியில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று பார்த்து ஒதுக்குவோம். பெண்கள் பார்த்து முடித்ததை நான் மறுபடி பார்ப்பேன். அந்தப் பழக்கம் யூனிட்டோடு நிற்கவில்லை. மனிதர்களையும் அப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். எங்களிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. வாங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான் ஓட்டுவோம். ஒரு நாள் காலையில் சாம்பிள் பெட்டிகளோடு பல்லடம் ரோட்டில் போகும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டின் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரமாக நிறுத்தி, ஆட்டோ பிடித்துப் பெட்டிகளை அனுப்பிவிட்டு, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன்.

மெக்கானிக் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். பனியன் கம்பெனி வேலைக்கென்று குடும்பத்தோடு வந்து, பிறகு தன் பழைய தொழிலுக்கே திரும்பியவர். இன்ஜினுக்கு மேலே இரண்டு ரப்பர் ஹோஸ்கள் சேரும் இடத்தில் இருந்த பிளாஸ்டிக் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். நீளவாக்கில் வெடித்திருந்தது.

"இதே பிளாஸ்டிக்க மறுபடி போட்டா மறுபடி வெடிக்கும்க்கா. சாயப்பட்டறை ஸ்டீம் லைனுக்கு ஃபிட்டிங் செய்ற லேத்து ஒண்ணு இருக்கு. அங்க குடுத்து பித்தளையில கடைஞ்சு போட்டுருதேன். அது காலத்துக்கும் கெடக்கும்."

"கம்பெனிக்காரன் அறிவில்லாமலா பிளாஸ்டிக்ல வெச்சிருக்கறான்?" என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வெடித்த துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெடிப்பின் விளிம்பு வெளுப்பாக, புதிதாகத் தெரிந்தது. கழற்றும்போது இவரே குறட்டால் நெரித்திருந்தால்? வேறு வழி இல்லாததால் சரி என்றேன். மறுநாள் பளபளவென்ற பித்தளை இணைப்பைப் பொருத்திக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் இன்ஜினைக் குளிர்விக்கிற தண்ணீர் டப்பாவைப் பார்த்தால் இரண்டு விரல்கடை குறைந்திருந்தது. ஊற்றினேன். மறுபடி மூன்று நாளில் அதே அளவு குறைந்தது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் இன்ஜினை ஓடவிட்டு, டார்ச் அடித்து, கையால் தடவித் தடவிப் பார்த்தார். எங்கும் ஈரம் இல்லை.

"என் ஜாயின்ட்ல ஒழுகலக்கா. நம்பிக்கை இல்லன்னா வேற எடத்துல காட்டுங்க. எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல."

தவறு செய்தவர்தான் இவ்வளவு சுலபமாக அப்படிச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு இடத்தில் காட்டினேன். அந்த மெக்கானிக் பித்தளையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். இன்ஜினையே பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பார்க்காமலே பிரிக்கச் சொல்கிறாரே என்று அவர் மேலும் சந்தேகம் வந்தது. யாராவது தண்ணீரை எடுக்கிறார்களோ என்றுகூட ஒரு கிறுக்குத்தனமான எண்ணம். டப்பா மூடியின் குறுக்கே வெள்ளை நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டுவைத்தேன். முடிச்சு அப்படியே இருந்தது. தண்ணீர் மட்டும் குறைந்தது.

வெறும் தண்ணீர் சூடான இரும்பில் பட்டால் காய்ந்துவிடும். தடம் இருக்காது. தடம் விடுகிற தண்ணீராக இருந்தால்? ஒரு நாள் வேலைக்கு நடுவில் இது தோன்றியது. தெரிந்த சாயப்பட்டறையில் ஒரு சிட்டிகை ரோஸ் சாயத்தைக் காகிதத்தில் மடித்து வாங்கினேன். அதை டப்பாவில் கரைத்தேன். கட்டிங்கில் கழிந்த வெள்ளைப் பனியன் துணியைப் பட்டையாகக் கிழித்து, கைக்கு எட்டிய ஒவ்வொரு ஹோஸ் மூட்டிலும் சுற்றிக் கட்டினேன். எட்டாத இடங்களில் அந்தத் தூத்துக்குடிக்காரரையே கட்டச் சொன்னேன். கட்டும்போது அவர் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவிநாசி வரை போய்விட்டுத் திரும்பி ஒர்க்‌ஷாப்பிலேயே பானெட்டைத் திறந்தேன். பித்தளை இணைப்பில் கட்டிய துணி வெள்ளையாகவே இருந்தது. இன்ஜினுக்குப் பின்னால், அடியில் கட்டியிருந்த துணி நனைந்து நல்ல ரோஸ் நிறத்தில் இருந்தது.

மெக்கானிக் துணியை அவிழ்த்தார். ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களை வெட்டி, நடுவில் ஒரு பச்சை டியூபைச் செருகி, கட்டுக்கம்பியால் இறுக்கியிருந்தார்கள். மருந்தடிக்கும் ஸ்ப்ரேயரில் வரும் டியூப்.

"இது நான் செஞ்சதில்லக்கா. ரோட்டுல நின்னு செஞ்ச வேலை. மேல பிளாஸ்டிக் லேசா கசிஞ்சிட்டே இருந்ததால அழுத்தம் அங்கன வழியா வெளிய போயிருக்கு. இப்ப மேல இறுகிட்டு, பலமில்லாத எடத்துல வருது."

"இதை மொதல்லயே பார்த்தீங்களா?"

"பாத்தேன். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். அப்ப ஈரமும் இல்ல."

எனக்குத் தெரியாது. என்னைத் தவிர அந்த வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர்தான்.

அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "ஏனுங்க, ஹீட்டர் குழாயில டியூப் சொருகியிருக்குதே, எப்பங்க?"

என் வீட்டுக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "பழைய ஓனர் போட்டிருப்பாரு."

"போன வருசம் சர்வீசுக்கு உட்டப்ப நான் பக்கத்துலயே நின்னேன். அப்ப அது இல்லீங்க."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நான் என்னென்னவோ நினைத்தேன். மாதம் இரண்டு முறை ஈரோட்டுக்குத் துணி பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டியை எடுத்துப் போவார். அந்த நாட்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் வண்டியின் கிலோமீட்டரை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அவரே வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஈரோடு போகலை. தாராபுரம் போறேன். தம்பிக்கு உடம்பு சரியில்லை. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா கோயமுத்தூர்ல ரத்தம் ஏத்தோணும். பஸ்ல போக முடியறதில்லை."

"எத்தனை நாளாங்க?"

"ஒன்றரை வருசமா. வழியில ஒருநாள் குழாய் வெடிச்சுப் போச்சு. அவந்தான் பக்கத்துத் தோட்டத்துல டியூப் கேட்டு வாங்கிட்டு வந்து, வண்டிக்கடியில படுத்துக் கட்டினான். வேண்டான்னு சொன்னேன், கேக்கலை."

என் கொழுந்தனாரோடு பேச்சு நின்று எட்டு வருடம். அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான கிணற்றில் தன் முறை இல்லாத நாளில் அவர் மோட்டார் போடுகிறார் என்று சொன்னது நான்தான். கண்ணால் பார்த்ததில்லை. அவர் வயலுக்குப் போகும் வாய்க்கால் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் பங்காளிகள் பிரிந்தார்கள். அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று வீட்டுக்காரரிடம் சத்தியம் வாங்கியதும் நான்தான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்லங்க" என்றேன்.

"சொன்னா நம்பியிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அப்போதும் முழுதாக நம்பவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள் என்று கேட்டேன். காட்டினார். தேதிகளைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் மேல் எனக்கு ஒரு வெறுப்பு வந்தது. ஆனாலும் கடைசிச் சீட்டு வரை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அந்த டியூபை எடுத்துவிட்டு அங்கேயும் பித்தளை போடச் சொன்னேன். மெக்கானிக் செய்து கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அது இன்றுவரை உறுத்துகிறது.

அடுத்த முறை வீட்டுக்காரர் கிளம்பியபோது நானும் ஏறிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். வேவு பார்க்க வருகிறாள் என்று நினைத்திருக்கலாம். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

தாராபுரத்தில் கொழுந்தனார் வீட்டு வாசலில் தயாராக நின்றார். பாதியாக இளைத்திருந்தார். முன் சீட்டில் என்னைக் கண்டதும் கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

"நங்கையா எதுக்குங்க வந்தாங்க?" என்று என் வீட்டுக்காரரிடம்தான் கேட்டார். எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் சொல்வோம்.

"நானா வந்தனுங்க" என்றேன்.

அவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கோயமுத்தூர் போகும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரத்தம் ஏறும்போது பக்கத்து ஸ்டூலில் நான் இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார். கொடுத்தேன்.

அதன் பிறகு இரண்டு வருடம் இருந்தார். மாதம் ஒரு முறையாவது நானும் கூடப் போனேன். கிணற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.