ஸ்டீராய்டு என்னும் வசைச்சொல்

“என் கையால ஒரு மாத்திரகூட எவனுக்கும் எடுத்துக் குடுத்ததில்ல, குடுக்கவும் மாட்டேன். வில்லியனூர் கொம்யூன் பூரா விசாரிச்சிக்கோ” என்று சகாய சுரேஷ் ஒருமுறை பிரகடனம் செய்தார். எதிரே நின்றவன் பல்வலி என்று மட்டுமே சொல்லியிருந்தான். அவனுக்குத் தண்டால் எடுக்கும்படி உத்தரவாயிற்று.

மூலக்குளத்தில் பெயின்ட் கடை மாடியில் ஜிம் நடத்துகிற சுரேஷ் மாஸ்டருக்கு, நோய்கள் எல்லாம் சோம்பலின் கிளைகள். மருந்துகளில் கொடியது ஸ்டீராய்டு. அதை ஊசியில் ஏற்றித் தோள் வளர்த்தவர்களை அவர் மாடிப்படியில் துரத்திய வரலாறு உண்டு. நாளடைவில் அந்தச் சொல் அவரிடம் வசையாகப் பதவி உயர்வு பெற்றது. குறுக்கே வந்த பைக்குக்காரன் “டேய் ஸ்டீராய்டு”. ஊதிய பிராய்லர் கோழி ஸ்டீராய்டு. அளவுக்கு மீறி மினுங்கிய கத்தரிக்காயும் தப்பவில்லை.

இப்படிப்பட்டவரின் மனைவி ஜெசிந்தா மேரி, பெண் குழந்தை பிறந்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. மாஸ்டர் தம் அறிவுக்கு எட்டிய வைத்தியமாக அவித்த முட்டையும் மூச்சுப்பயிற்சியும் கொடுத்தார். மாதா கோவிலில் மெழுகுவத்தி ஏற்றினார். ஒருநாள் அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்: “கொழந்த அழுவறது பக்கத்து வூட்ல அழுவறாப்புல இருக்குதுங்க. யாராச்சும் நல்லவங்க அத தூக்கினு போயிட்டா, நானும் எங்கியாச்சும் போயிடுவேன்.”

நூறு கிலோவை அலட்சியமாகத் தூக்குகிறவர், ஆட்டோவைக் கூப்பிடுவதற்குள் செல்போனைத் தவறவிட்டுக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். கர்ப்ப காலத்தில் மூளையை அமைதியாக வைக்கும் ஒரு ஸ்டீராய்டு நிறையச் சுரக்கிறது. பிரசவமானதும் அது சட்டென்று இறங்கிவிடுகிறது. சிலருடைய மூளை அந்த இறக்கத்தில் தடுமாறுவதும் இந்த மனச்சோர்வு நோய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அத்தனை பேச்சில் மாஸ்டர் காதில் விழுந்தது ஒரே சொல்.

வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. “எவன்டி குடுத்தான்? மாசமா இருக்கசொல்ல இன்னா குடிச்ச நீ?” சத்துமாவு டப்பா, குங்குமப்பூ டப்பா எல்லாம் சாட்சிக்கூண்டில் ஏறின. புது மாத்திரை பீரோவுக்குள் சிறை வைக்கப்பட்டது. “நான்தான் இன்னாவோ தப்பு பண்ணிட்டேன்போல” என்றாள் ஜெசிந்தா. மல்லுக்கு நின்றவருக்கு, தொடுமுன்பே எதிராளி சாய்ந்துவிட்டதுபோல ஆயிற்று.

மறுநாள் டாக்டரம்மாவிடமே சண்டைக்குப் போனார்.

“யாரும் குடுக்கல சார், உடம்பே செய்யறது” என்றார் அவர். “உங்க மீசையும் இந்தப் புஜமும்கூட ஒரு ஸ்டீராய்டு பார்த்த வேலைதான்.”

மாஸ்டர் தம் புஜத்தை, கையும் களவுமாகப் பிடிபட்ட உறவினரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக் கேட்டார்: “அப்ப அவமேல தப்பு இல்லீங்களா?”

“துளிகூட இல்ல. மாத்திரைய நிறுத்தாதீங்க. அவங்களத் தனியா விடாதீங்க.”

மாத்திரை அன்றே பீரோவிலிருந்து விடுதலையானது. தனியாக விடக்கூடாது என்பதால் இப்போது ஜெசிந்தா காலையிலேயே கணவருடன் ஜிம்முக்கு வந்துவிடுகிறாள். ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். சில வாரங்கள் அப்படியே போயின. போன வாரம், பல நாள் கழித்துத் தானாக வாய் திறந்தாள்: “ஏங்க, அந்தாளு தண்டால்ல முட்டிய தரையில வச்சினு ஏமாத்தறாரு.” ஏமாற்றியவர் தவிர அனைவரும் மகிழ்ந்தனர்.

நேற்று ஜிம் நிறைய ஆள். மாஸ்டர் குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு நாற்காலியருகே போனார். ஒரு கையால் மாத்திரை அட்டையைப் பிரிக்க வரவில்லை. பல்லால் கடித்துப் பிரித்து, மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் விழுங்கி முடிக்கும்வரை, அத்தனை பேர் பார்க்க, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.