கொம்பியூட்டர் பிரித்த கடதாசி

யுத்த காலத்துத் திருகோணமலையில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் விளையாடத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கடதாசிக் கட்டைக் கையில் எடுத்த மற்ற எல்லோரும் முந்நூற்றிநாலு என்ற ஆட்டத்தைத்தான் விளையாடினார்கள். பிரிட்ஜ் தெரிந்தவர்களில் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றித்தான் இருந்தோம் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சமில்லை. நான், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேட்டராக இருந்த என் மனைவி, கிண்ணியாவிலிருந்து வரும் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர், உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வரும், காணி அளக்கும் சேவையர். நானும் மனைவியும் ஒரு சோடி, அவர்கள் இருவரும் மற்றச் சோடி. மாஸ்டர் கிண்ணியாவுக்குப் போகும் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும், சேவையர் ஊரடங்குக்கு முன்னர் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். அதனால் நாலரைக்கு மேல் ஆட்டம் கிடையாது.

துறைமுகத்துக் கந்தோரில் எங்கள் பிரிவுக்கு ஒரு கொம்பியூட்டர் வந்தது. பெட்டியைத் திறந்தவன் நான். அதன் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவனும் அந்தக் கந்தோரில் நான் ஒருவன்தான். இரண்டு மாதத்தில், கடதாசி பிரிக்கும் புரோகிராம் ஒன்றை நானே எழுதிவிட்டேன். யாருக்கு எந்தக் கடதாசி என்று அது நாலு நிரலாக அச்சடித்துத் தரும். நான் அவற்றைப் பார்க்காமலே கிழித்து மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். ஒருவர் தன் துண்டைப் பார்த்துக் கட்டிலிருந்து கடதாசிகளைப் பொறுக்கி முடிக்கும்வரை மற்ற மூவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

முதல் தடவை அந்தத் துண்டுகளோடு சோதனைச் சாவடியில் அகப்பட்டுக்கொண்டேன். எழுத்தும் இலக்கமுமாக இருந்ததைப் பார்த்தால் யாருக்கும் இரகசியச் செய்தி என்றுதான் தோன்றும். அரை மணித்தியாலம் வெயிலில் நின்றேன். பிறகு எப்போதும் ஒரு கட்டுக் கடதாசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அதைக் காட்டினால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

முதல் ஞாயிறே மாஸ்டர் முகம் சுளித்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஒருவர் கையில் இதயச் சின்னத்து ஆட்டின் ஏழு, இன்னொருவர் கையில் ஆட்டினே இல்லை. கையால் கலைத்தால் இப்படியெல்லாம் வராது, மெசினுக்குக் கலைக்கத் தெரியவில்லை என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கலைக்கத் தெரியாதவர்கள் நாங்கள்தான் என்றேன். நாலு பேரும் இறக்கும் ஒவ்வொரு பிடியிலும் பெரும்பாலும் ஒரே இனத்துக் கடதாசி நாலு சேர்ந்து விழுகிறது. அதை அப்படியே வாரி எடுத்து, முந்நூற்றிநாலுப் பழக்கத்தில் இரண்டு தரம் கலைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டால், அந்த நாலும் ஆளுக்கொன்றாகப் போய்ச் சேரும். போதாததற்கு உப்புக் காற்றில் ஊறி ஒட்டிப்போன கடதாசி வேறு. இருபது வருடமாக நாங்கள் விளையாடியதெல்லாம் சாதுவான கைகள். கட்டை மனைவியிடம் கொடுத்து ஒவ்வொரு முறையும் பத்துத் தரம் கலைத்துப் போடச் சொன்னேன். ஐந்தாறு முறை போட்டாள். மெசின் தந்ததைப் போலவே தாறுமாறான கைகள் வந்தன. மாஸ்டர் நியாயமான மனிதர், ஒப்புக்கொண்டார். அந்தக் கிழமை முழுக்க நான் தலைகால் தெரியாமல் திரிந்தேன்.

ஆனால் மூன்று ஞாயிறும் நாங்களே வென்றோம். மூன்றாம் ஞாயிறு வாசல் படலையடியில் சைக்கிளை எடுத்தபடி சேவையர் மாஸ்டரிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"கடதாசி பிரிக்கிறவரும் அவர், வெல்லுறவரும் அவர். துண்டைப் பாக்கேல்லை எண்டு ஆர் கண்டது?"

மாஸ்டர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது. சாவடியில் நின்றவனுக்குக் கடதாசிக் கட்டைக் காட்டினால் போதும். இருபது வருடச் சினேகிதர்களுக்கு எதைக் காட்டுவது? மனைவிக்கும் கேட்டிருந்தது.

நான் ஒரே மூச்சில் அடித்துவைத்த துண்டுகள் அந்த மூன்று ஞாயிறோடு முடிந்துவிட்டன. வெள்ளிக்கிழமை மெசினைப் போட்டு அடுத்த தொகுதியை அடித்தேன். நாலாம் ஞாயிறு முதற் கையை எல்லோரும் பொறுக்கி முடித்தோம். ஒருவரும் ஏலம் கேட்டு ஆட்டத்தைத் தொடங்க முன்னர் மனைவி தன் கடதாசிகளைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"இது ஏற்கெனவே வந்த கை. முதல் ஞாயிறு முதலாவதா விளையாடினது. தெரிஞ்சுகொண்டு இப்ப விளையாடினா அது அளாப்பல், கள்ள ஆட்டம்."

அப்படி நடக்கவே ஏலாது என்று நான் சத்தம் போட்டேன். உலகம் அழியும்வரை விளையாடினாலும் ஒரே கை இரண்டு தரம் வராது என்று அவளுக்கு மேசையிலேயே வகுப்பெடுத்தேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. மற்ற இருவரையும் பார்த்துத்தான் சொன்னாள்.

"மாஸ்டரிட்ட இஸ்பேட் ரெண்டே ரெண்டு, ஆசும் பத்தும். சேவையர் ஐயாவிட்ட டைமன் அஞ்சு, அதில ராணிதான் பெரிசு. இவரிட்ட கிளாவர் ராசா தனிய நிக்குது."

நாங்கள் மூவரும் கையை விரித்துப் போட்டோம். என்னிடம் கிளாவர் ராசா தனியாகத்தான் நின்றது. கண்ணில் நிற்காத சாதாரணக் கை என்பதால் எங்களுக்கு மறந்துவிட்டது. நாள் முழுக்க நகரத்தின் டெலிபோன் இலக்கங்களை மனதில் வைத்திருந்தவளுக்கு மறக்கவில்லை.

அந்த இடத்திலேயே எனக்குப் பிழை விளங்கிவிட்டது. மெசின் ஒரு சூத்திரத்தை வைத்துத்தான் கலைக்கிறது. தொடங்கும் இடத்தை மாற்றச் சொல்லாவிட்டால், ஒவ்வொரு முறை போடும்போதும் பழைய வரிசையையே முதலிலிருந்து தரும். அந்தக் கட்டளையை எழுத நான் மறந்திருந்தேன். காது சூடாக, அதை மூவருக்கும் என் வாயாலேயே சொன்னேன். அன்றைக்குக் கையால் கலைத்து விளையாடி நாங்கள் படுதோல்வி அடைந்தோம். போகும்போது சேவையர், பிழையைத் திருத்திவிட்டு அடுத்த ஞாயிறும் துண்டுகளைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்.

எனக்கு அப்போதும் மூக்குடைபட்ட கோபம் தீரவில்லை. குசினிக்குள் கூப்பிட்டு இரகசியமாகச் சொல்லியிருக்கலாமே, அவர்களுக்கு முன்னால் ஏன் என்னை அப்படித் தலைகுனிய வைத்தாய் என்று கேட்டேன். அவள் தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"அவையளுக்கு முன்னால சொன்னாத்தானே அவையளுக்கு விளங்கும். நீங்கள் துண்டைப் பாத்திருந்தா, பழைய கை எண்டு உங்களுக்கெல்லோ முதல் தெரிஞ்சிருக்கும். பிறகு அதைக் கொண்டுவந்திருப்பியளே?"

கிழமை முழுக்க யோசித்தும் எனக்குக் கிடைக்காத சாட்சியை அவள் ஒரே நிமிடத்தில் மேசையில் போட்டிருக்கிறாள். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான் என்று இன்றைக்கும் வாய் ஓயாமல் சொல்வேன். அவளுடைய புருசன் என்று சொல்லும்போதுதான் நெஞ்சு நிமிர்கிறது.