இருபத்து நான்காவது தடை

பாண்டிமீனா பதினான்கு வருடம் சரம் பின்னியவள். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. காலை ஏழரைக்கு வேன் ஏறினால் மாலை ஐந்தேமுக்காலுக்கு இறங்குவாள். கணவன் வெள்ளைத்துரை லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மகள் பிரீத்திகா ஒன்பதாம் வகுப்பு. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் மூன்று வீடுகள். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தெட்டு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால்தான் 2023 ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை காலை என்னைத் தேடி வந்தாள்.

"மாமா, உங்ககிட்ட ஓட்டத்துக்கு நேரம் பாக்குற கடிகாரம் இருக்காம்ல?"

"இருக்கு. யாரு ஓடப் போறா?"

"நாந்தான்."

அவள் ஓடியதை ஊர் ஒருமுறை பார்த்திருக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை 10.20 மணிக்கு கம்பெனியில் அவள் அறைக்கு எதிர் அறையில் தீப்பிடித்தது. பட்டாசு அறைகளில் வேலைக்குச் சேரும் அன்றே சொல்லித் தருவது இது: நெருப்பைக் கண்டால் எதையும் எடுக்காதே, யாரையும் கூப்பிடாதே, திரும்பிப் பார்க்காதே, காற்று வரும் பக்கமாக ஓடு. மீனா அப்படியே ஓடினாள். கம்பிவேலியைத் தாண்டி, வெறுங்காலில், கருவேல முள்ளுக்குள். பிறகு ஒருநாள் நான் அந்த வழியே நடந்து அளந்தேன். 640 மீட்டர். உயிர்ச்சேதம் இல்லை. அவளுக்குப் பின்னால் ஓடிவந்த, அதே அறையில் வேலை பார்த்த மாரிச்செல்விக்குக் கணுக்காலில் மட்டும் காயம்.

அதற்குப் பிறகு மீனா தினமும் வேனில் கடைசி ஆளாகத்தான் ஏறுவாள். சீசனில் லோடு போக வேண்டிய நாட்களில் இரண்டு முறை வாந்தியும் எடுத்தாள். இந்த வேலையை விட்டு வெளியே வர வேண்டும், வேறொரு வேலைக்குப் போக வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. மே மாதம் சிவகாசியில் ஒரு தனியார் பள்ளியில் பெண் பிள்ளைகளை மைதானத்தில் பார்த்துக்கொள்ள ஒரு பெண் உதவியாளர் தேவை என்று கேள்விப்பட்டுப் போனாள். தாளாளர் லட்சுமிகாந்தம் ஐயா அவளை உட்காரச் சொல்லிப் பேசினார். பத்தாம் வகுப்பு வரை படித்தவள், விளையாட்டில் ஒரு சான்றிதழும் கிடையாது. அவர் மேசையில் ஒரு பந்தய அறிவிப்பு கிடந்தது. காரியாபட்டிப் பக்கம் அடுத்த பிப்ரவரியில் தடை தாண்டும் ஓட்டம். இருபத்தொரு கிலோமீட்டர், இருபத்து நான்கு தடைகள், ஆறு மணி நேரக் கெடு.

"இத முடிச்சுட்டு அவுக தர்ற சான்றிதழ்த் தாளக் கொண்டு வாங்கம்மா. வர்ற வருசம் ஜூன்ல இடம் உங்களுக்குத்தான்" என்றாராம். அவளைப் பக்குவமாக அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். மீனா அந்த அறிவிப்பை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

எட்டு மாதம் பழகினாள். காலை நாலேமுக்கால் முதல் ஆறு வரை, வாரத்தில் ஐந்து நாள். முதல் நாள் ஒரு கிலோமீட்டர் ஓட 9 நிமிடம் 40 விநாடி. தீபாவளிக்கு முந்தைய மாதம் முழுக்க கம்பெனியில் கூடுதல் நேர வேலை இருந்ததால் பதினோரு நாள்தான் பழக முடிந்தது. மற்ற மாதங்களில் வெம்பக்கோட்டை அணைக்கரையின் சரிவில் ஏறி இறங்கினாள். வைப்பாற்று மணலை யூரியா சாக்கில் பதினைந்து கிலோ நிறுத்துக் கட்டித் தோளில் தூக்கி நடந்தாள். வெள்ளைத்துரை கட்டிக் கொடுத்த கயிற்றில் கிணற்றோரப் புளியமரத்தில் ஏறினாள். கிளையைப் பிடித்துத் தொங்கினாள். தொங்கல் ஜூனில் 7 விநாடி, ஜனவரியில் 61. ஆறடிச் சுவர் ஏறும் தடைக்குப் பழைய மோட்டார் அறைச் சுவர் உதவியது.

மாரிச்செல்வியும் பல நாள் வருவாள். ஓட மாட்டாள். கரையில் உட்கார்ந்து வாய் ஓட்டுவாள்.

"ஏட்டி மீனா, கிளை பாவம்டி. அது ஒடிஞ்சா புளி யாரு குடுப்பா?"

"வாய மூடிட்டு எண்ணுடி."

மணல் மூட்டையில் ஒரு சிக்கல் இருந்தது. நானூறு மீட்டர் சுமந்து வந்தபின் மீனா அதைக் கீழே போட மாட்டாள். முழங்காலை மடக்கி, மூட்டையை மடிக்கு இறக்கி, பிறகு தரையில் வைப்பாள். அதற்கு 9 விநாடி ஆகும். போட்டுவிட்டு ஓடினால் ஒரு விநாடி போதும்.

"பொத்துன்னு போட்டுட்டுப் போம்மா, மண்ணுதானே" என்றேன்.

"தெரியுது மாமா. கை கேக்க மாட்டேங்குது. பொத்துன்னு சத்தம் கேட்டா நெஞ்சு பதறுது."

வெடிமருந்து புழங்கும் அறைகளில் எதையும் போடுவதில்லை, இழுப்பதில்லை, வைப்பதுதான். பதினான்கு வருடப் பழக்கத்தை எட்டு மாதத்தில் மாற்ற முடியவில்லை. 9 விநாடியை அப்படியே கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கணக்கு என்று சொன்னது ஒரு பெரிய தாளைத்தான். இருபத்து நான்கு தடைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை நாள் பழகினாள், சிறந்த நேரம் என்ன என்று பதிந்து வந்தேன். ஒரு தடையைச் செய்ய முடியாவிட்டால் தண்டனை முப்பது பர்ப்பி. கீழே விழுந்து நெஞ்சைத் தரையில் பதித்து எழுந்து குதிப்பது ஒரு பர்ப்பி. அதற்கும் நேரம் வைத்திருந்தேன். களைப்பில்லாதபோது 2 நிமிடம் 50 விநாடி, பத்து கிலோமீட்டர் ஓடியபின் 3 நிமிடம் 35 விநாடி.

இருபத்து நான்காவது வரியில் 'நெருப்புத் தாண்டல், உயரம் ஒன்றரை அடி' என்று இருந்தது. அதைப் படித்ததும் மாரிச்செல்வி சிரித்துவிட்டாள்.

"இதுக்கு எதுக்கு மாமா பழக்கம்? நம்ம பொழப்பே நெருப்புலதான ஓடுது."

மீனாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எதிரே நாளோ நேரமோ எழுதாமல் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டேன்.

2024 பிப்ரவரி 11, ஞாயிறு. வெள்ளைத்துரையின் ஆட்டோவில் அவன், மீனா, மாரிச்செல்வி, நான் என நால்வரும் காரியாபட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது காலை 6.05. பந்தயக்காரர்கள் எல்லோருக்கும் பளபளப்பான ஒரு பனியன் கொடுத்தார்கள். மீனா தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நைலான் மாதிரி இருக்கு மாமா. இதப் போட்டா எனக்கு உடம்பு கூசுது."

பட்டாசு அறைக்குள் பருத்தித் துணிதான் உடுத்தலாம். பருத்திச் சுடிதாரிலேயே எண் அட்டையைக் குத்திக்கொண்டாள். எண் 317.

ஏழு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் மூன்று இடங்களில்தான் நிற்க முடியும். மற்றது அவள் சொல்லித் தெரிந்தது. ஆறாவது கிலோமீட்டரில் சுவர், சிரமமில்லை. ஒன்பதில் கயிறு, சிரமமில்லை. பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இடுப்பளவு சேற்றுக் குட்டை. அங்கே நாங்கள் நின்றோம். மணி 10.21. என் கணக்குக்கு நாலு நிமிடம் முன்னதாகவே வந்தாள். ஆனால் குட்டையிலிருந்து ஏறியபோது பருத்தி நன்றாகத் தண்ணீர் குடித்திருந்தது. மற்ற பெண்கள் உதறிவிட்டு ஓடினார்கள். இவளுக்குச் சுடிதார் தொடையில் ஒட்டிக் கனத்தது. இதை நான் யோசித்திருக்க வேண்டும். எட்டு மாதமும் காய்ந்த கரையில் பழகியவள்.

மூட்டைத் தடையில் நடந்ததை அங்கே நின்ற ஐஸ்வர்யா என்ற தன்னார்வலர் பிறகு சொன்னாள்: "எல்லாரும் தொப்புன்னு போட்டுட்டுப் போனாங்க சார். இந்த அக்கா மட்டும் குழந்தையத் தூங்க வெக்கிற மாதிரி வெச்சாங்க."

அவள் கடைசித் தடைக்கு வந்தபோது மணி 12.50. கெடு மதியம் ஒரு மணிக்கு முடியும். தகரத் தொட்டியில் விறகு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு அப்பால் இருபது மீட்டரில் முடிவு வளைவு. ஓடி வந்தவர்கள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள், எதிரே நின்றவர்கள் படம் எடுத்தார்கள். அந்தத் தடையை யாரும் தடையாகவே நினைக்கவில்லை.

மீனா ஓடி வந்தாள். நெருப்புக்கு நாலடி முன்னால் நின்றாள்.

"தாண்டுட்டி!" என்று மாரிச்செல்வி கத்தினாள். "ஒன்றர அடிதான், எரும!"

பின்னால் போய் மறுபடி ஓடி வந்தாள். மறுபடி நின்றாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "பூக்குழி எறங்குற ஊருதான தாயி, ஆத்தாள நெனச்சுக்கிட்டுத் தாண்டு" என்றார்.

"அது ஆத்தாவுக்குங்க. இது யாருக்கு?" என்றாள் மீனா, மூச்சு வாங்கிக்கொண்டே. சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

ஐஸ்வர்யா இப்போது இங்கே வந்திருந்தாள். "அக்கா, ஒண்ணும் ஆகாது. கண்ண மூடிட்டுத் தாண்டிருங்க."

மூன்றாவது முறை ஓடி வந்தாள். இந்த முறை நிற்கவில்லை. கால் இரண்டும் தானாக இடது பக்கம் திரும்பி, வேலியை நோக்கிப் பத்தடி ஓடிவிட்டன. வளைவில் கட்டியிருந்த கொடியைப் பார்த்தேன். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

மாரிச்செல்வியும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் குரல் மாறியது.

"மாமா, மணி என்ன?"

"பன்னிரண்டு அம்பத்து நாலு, இருபது விநாடி."

"முப்பதுக்கு எம்புட்டு நேரம் வேணும்?"

களைத்தபின் 3 நிமிடம் 35 என்று பதிவு இருந்தது. அது பத்து கிலோமீட்டருக்குப் பிறகு. இருபத்தொன்றுக்குப் பிறகு என்ன என்று என்னிடம் பதிவு இல்லை. இல்லாததைச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது. ஆனாலும், "போதும்" என்றேன்.

"ஏட்டி மீனா! தாண்ட வேண்டாம். தண்டனைய வாங்கு!"

மீனா தரையில் விழுந்தாள். மாரிச்செல்வி கயிற்றுக்கு வெளியே நின்று ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். பத்து வரை ஒழுங்காகப் போனது. பதினாறாவதில் கை மடங்கி முகம் மண்ணில் பட்டது. பத்தொன்பதும் இருபத்திரண்டும் நெஞ்சு தரையில் படவில்லை என்று ஐஸ்வர்யா கையசைத்துத் தள்ளினாள்.

"ஏம்மா, நீ நல்லா இருப்பியா? விட்டுக் குடுத்தா என்ன?" என்றாள் மாரிச்செல்வி.

"விதி அக்கா."

ஐஸ்வர்யா செய்தது சரி. ஆக மொத்தம் முப்பத்திரண்டு. நாலு நிமிடம் இருபத்தெட்டு விநாடி. தண்டனை முடித்தவர்கள் நெருப்பைச் சுற்றிப் போக ஒரு பாதை விட்டிருந்தார்கள். அதில் அவள் விழுந்தடித்து ஓடி வளைவைக் கடந்தபோது மணி 12.59.12. ஓடிய நேரம் ஐந்து மணி நேரம் ஐம்பத்தொன்பது நிமிடம் பன்னிரண்டு விநாடி.

அவள் சந்தோஷப்படவில்லை. புங்கமர நிழலில் உட்கார்ந்து வெள்ளைத்துரை கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பதக்கத்தைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, நான் தோத்துட்டனா?"

"இருபத்து மூணு தாண்டியிருக்க. ஒண்ணுக்குத் தண்டனை முடிச்சிருக்க. கெடுவுக்குள்ள வந்திருக்க" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாரிச்செல்வி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாவாடையைச் சற்றுத் தூக்கிக் கணுக்கால் தழும்பைக் காட்டினாள். "இங்கன பாரு. அன்னைக்கு நீ வாசல்ல நின்னு யோசிச்சிருந்தேன்னு வையி, பின்னால வந்த எனக்கு இதோட போயிருக்குமா? உன் காலு சரியாத்தான்டி இருக்கு. அதத் திட்டாத."

வீடு திரும்பும் வழியில் நான் என் தாளிலிருந்த அந்தக் கோட்டைப் பற்றியே யோசித்தேன். பட்டாசு ஊர்க்காரர்கள் நெருப்போடு பழகியவர்கள் என்று வெளியூரில் நினைப்பார்கள். நாங்களே அப்படி நினைத்துவிட்டோம். உண்மையில் பதினான்கு வருடத்தில் மீனா வேலை செய்யும் இடத்தில் ஒரு தீக்குச்சி எரிந்து பார்த்ததில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை தவிர. கம்பெனி வாசலில் தீப்பெட்டி இருக்கிறதா என்று மடியைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். நெருப்பு இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே முதல் வேலை. இருபத்து நான்கு தடைகளில் அவளுக்கு முற்றிலும் பழக்கமில்லாதது அது ஒன்றுதான். அதற்குத்தான் நான் கோடு போட்டேன். பிழை என்னுடையது. தேதியிட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள் அவள் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனாள். தனியாகப் போகத் தயங்கியதால் நானும் போனேன். லட்சுமிகாந்தம் ஐயா சான்றிதழ்த் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தார். அவர் அவளை மறந்திருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. நேரத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நெசமாவே முடிச்சுட்டீகளே! நாப்பத்தெட்டு விநாடிதான் மிச்சம். இதென்ன, ஒண்ணுல தண்டனைன்னு போட்டிருக்கு? எது?"

தாளில் எந்தத் தடை என்று இல்லை. சுவர் என்றோ கயிறு என்றோ அவள் சொல்லியிருக்கலாம்.

"நெருப்புங்க ஐயா."

அவர் சிரித்தார். "பட்டாசுல வேல பாக்குற பொம்பள, நெருப்பப் பாத்துப் பயந்துட்டீகளா?"

"ஆமாங்க ஐயா. பயந்துதான் உங்ககிட்ட வேல கேட்டு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் குடும்பத்துக்கும் பட்டாசுத் தொழிலில் பங்கு உண்டு. பிறகு தாளை மேசையில் வைத்து, "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்குற அன்னைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க" என்றார்.

மீனா எழுந்து கும்பிட்டாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. விளையாட்டு விழாவுல சுடர் ஏத்துவீகள்ல? அத மட்டும் வேற யாருகிட்டயாச்சும் குடுத்துருங்க."

"சரிம்மா" என்று சொல்லி, அதையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டார்.

2024 ஆகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை பள்ளி விளையாட்டு விழா. சுடரை உடற்கல்வி ஆசிரியர் ஏற்றினார். மீனா மைதானத்தின் மறுமுனையில், காற்று வரும் பக்கத்தில், நாற்பத்திரண்டு பெண் பிள்ளைகளைத் தொடக்கக் கோட்டில் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். விசில் அவள் வாயில் இருந்தது.