லூபெக்கில் நான் மாற்றிச் சொன்னது

எஸ்தர் அக்கா காலமாகிவிட்டார் என்று நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. நான் நம்பவில்லை. இதே குழுவில் ஒருமுறை உயிரோடிருந்த ஒரு பெரியவருக்கு இருபது பேர் இரங்கல் எழுதியது உங்களுக்கு நினைவிருக்கும். அன்று, "யாரு போய்ப் பார்த்தீங்க? நாடி பிடிச்சது யாரு?" என்று கேட்ட ஒரே ஆள் எஸ்தர் அக்கா. அதனால் அவருடைய எண்ணுக்கே கூப்பிட்டேன். மருமகள் எடுத்தாள். "ஆமாங்க்கா. ஆறு மணிக்கு. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றாள். அதன் பிறகுதான் நான் உட்கார்ந்தேன்.

முப்பத்துநான்கு வருடம் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். சித்தூரில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் குறைவு. அவருடைய சந்தேகமும் அதே அளவு பிரபலம். மாம்பழத்தை வாங்கும்முன் காம்புப் பக்கம் முகர்ந்து, "கல்லு வெச்சிப் பழுக்க வெச்சதா?" என்பார். கல்யாண வீட்டில் தேங்காய்ச் சட்னியை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். பின்னால் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில் லூபெக் நகரத்துச் சபை ஒன்று நம் சபையிலிருந்து இரண்டு பெண்களை அழைத்தது. பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவள் என்பதால் நான். எல்லோருக்கும் தெரிந்தவர் என்பதால் எஸ்தர் அக்கா. பிப்ரவரி கடைசியில் போய் இறங்கினோம். சுற்றிலும் ஆறு ஓட, நடுவில் தீவு மாதிரி பழைய நகரம். எல்லாம் செங்கல். கூரையோரங்களில் அழுக்குப் பனி இன்னும் ஒட்டியிருந்தது. மதியம் மூன்று மணிக்கே வெளிச்சம் சோர்ந்துவிடும். ஊர் வாசலில் ஐந்நூறு வருடத்துக் கோட்டைக் கதவு ஒன்று, இரட்டைக் கோபுரத்தோடு உள்ளுக்குச் சாய்ந்தபடி நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எஸ்தர் அக்கா தள்ளியே நின்றார்.

"இன்னா ஷீலா, இது சாஞ்சிக்கினு கீது. யாரும் பார்க்கலையா?"

"ரொம்ப நாளா அப்படித்தான் இருக்காம்க்கா."

"ரொம்ப நாளான்னா எவ்ளோ நாளு? யாரு அளந்தாங்க?"

ஊர் காட்ட எங்களை அழைத்துவந்த லூபெக் சபைப் பெண், அக்கா கோபுரத்தைக் கைநீட்டிக் காட்டியதைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கியது. பத்து நாளும் இப்படித்தான் போகுமோ என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கியது ஹெல்கா என்ற எழுபத்தெட்டு வயது விதவையின் வீட்டில். தெருவிலிருந்து குனிந்து நுழையும் ஒரு சந்துக்குள் சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன, அதில் ஒன்று. ஒரு கிழப்பூனை உண்டு. அடுக்களைச் சுவரில் பழைய கேஸ் ஹீட்டர். எங்களுக்குக் குளிரக்கூடாது என்று ஹெல்கா அதை முழுதாகத் திருகி வைத்திருந்தார். ரொட்டி சுட்டுத் தருவார், கம்பளி எடுத்துப் போர்த்துவார். அவ்வளவு அன்பான மனுஷி.

இரண்டாம் நாள் எனக்குத் தலைவலி. பயணக் களைப்பு என்றேன். மூன்றாம் நாள் எஸ்தர் அக்காவுக்கும் தலைவலி, குமட்டல். ஹெல்காவுக்குப் பத்து நாளாகவே தலைசுற்றலாம். வயசாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். எஸ்தர் அக்கா போய் ஜன்னல் இரண்டையும் திறந்துவைத்தார். கொஞ்ச நேரம் திறப்பது அங்கேயும் வழக்கம்தான். இவரோ ஒரு மணி நேரம் ஆகியும் மூட விடவில்லை. ஹெல்கா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் உபசரிப்பில் என்ன குறை வந்தது என்று கேட்கிற பார்வை.

"அந்தம்மாகிட்ட சொல்லு" என்றார் எஸ்தர் அக்கா. ஆஸ்பத்திரிக்கு வெளியே தன் ஆங்கிலத்தை அவர் நம்பமாட்டார். "இந்த ஹீட்டர் மேல எனக்குச் சந்தேகமா கீது. இதை நிறுத்தணும். ஆளை வெச்சிப் பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் உள்ள படுக்கக்கூடாது. அப்படியே சொல்லு."

நான் ஹெல்காவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னது இது: "உங்கள் வீடு ரொம்பப் பிடித்திருக்கிறதாம். எங்கள் ஊர் வெயில் ஊர் இல்லையா, மூடிய அறை பழக்கமில்லையாம்."

ஹெல்கா சிரித்தார். எஸ்தர் அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்தார். எஸ்தர் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி அவரும் நானும் ஜன்னல் பக்கத்து அறையில் படுத்தோம். அந்த ஹீட்டரை நிறுத்தும் விதம் அவருக்குத் தெரியாது. அவர் ஜன்னலை விரியத் திறந்துவைத்து, ஹெல்காவின் கதவையும் போய்த் திறந்துவைத்துவிட்டு வந்தார். குளிரில் நடுங்கிய நான் அவரை மனசுக்குள் திட்டினேன். என்னோடு எல்லோரும் பேசுவது பொறுக்காமல் இப்படியெல்லாம் செய்கிறார் என்றுகூட எண்ணினேன். சந்தேகம் அவருக்கு மட்டும் இருந்த வியாதி இல்லை.

மறுநாள் காலை ஊரின் பெரிய தேவாலயத்துக்குப் போனோம். போர்க்காலத்தில் குண்டு விழுந்து எரிந்தபோது கோபுரத்து மணிகள் கீழே விழுந்து நொறுங்கின. விழுந்த இடத்திலேயே அவற்றை விட்டுவைத்திருக்கிறார்கள். உருகிக் கோணிய உலோகம், பிளந்த கல்தரை. எஸ்தர் அக்கா அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

"விழுந்ததை எடுத்து ஒளிச்சு வைக்கல பாரு" என்றார். "இவங்களைக் கொஞ்சம் நம்பலாம்."

பிறகு கேட்டார், "இப்ப உனக்குத் தலை நோவுதா?"

யோசித்துப் பார்த்தேன். வலி இல்லை.

"எனக்கும் இல்ல. நேத்து கடைத்தெருவுல சுத்தறப்பவும் இல்ல. வீட்டுக்குள்ள போனா வருது."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். குப்பம் பக்கம் குடுபல்லியில், ஆஸ்பத்திரியின் கிளையில் அவர் இருந்த காலம். மார்கழிக் குளிர். பட்டுப்புழு வளர்க்கும் ஒரு புருஷன் பெண்சாதி காலையில் தலைவலி, வாந்தி என்று வந்தார்கள். ராத்திரி தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். இவர் மாத்திரை கொடுத்து அனுப்பினார். புழுக்களுக்குக் குளிரக்கூடாது என்று மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து, அவர்களும் அங்கேயே படுத்திருக்கிறார்கள். அடுத்த நாள் புருஷனை மட்டும்தான் உயிரோடு தூக்கிவந்தார்கள்.

"எங்க படுத்தீங்கன்னு ஒரு வார்த்தை நான் கேக்கல ஷீலா. அவங்க சொன்னதை நம்பிட்டேன்."

பிறகு, குரல் உயர்த்தாமல் சொன்னார்: "நேத்து நீ நான் சொன்னதைச் சொல்லல. நான் அவ்ளோ சொன்னேன். நீ சிரிச்சிக்கினு ரெண்டு வார்த்தை சொன்னே. அந்தம்மாவும் சிரிச்சாங்க. நான் சொன்னதுல சிரிக்க இன்னா கீது?"

நான் அவருடைய பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

திரும்பிப் போனபோது அவர் வீட்டுக்குள் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றுகொண்டு, கதவைத் திறந்த ஹெல்காவின் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தார். "யூ கம் அவுட். கேஸ். பேட் கேஸ்" என்றார். ஹெல்கா பயந்துபோய் என்னைப் பார்த்தார். இந்த முறை சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். நேற்று மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். ஹெல்கா முகத்தில் இருந்த சிரிப்பு போயிற்று. "நேற்றே சொல்லியிருக்கலாமே" என்றார். பிறகு பக்கத்து வீட்டுக்குப் போய் அவரே போன் செய்தார்.

தீயணைப்பு வண்டி அந்தச் சந்துக்குள் நுழையாது. ஆட்கள் நடந்து வந்தார்கள். ஒருவர் கையில் சின்னக் கருவி. அவர் வாசலைத் தாண்டியதுமே அது கத்த ஆரம்பித்தது. உடனே வெளியே வந்து முகமூடி மாட்டிக்கொண்டு மறுபடி போனார்கள். முதலில் பூனையைத் தூக்கிவந்தார்கள். அது தலையைத் தூக்கவில்லை, ஆனால் மூச்சு இருந்தது. புகைபோக்கியில் எப்போதோ பறவை கட்டிய கூடு சரிந்து அடைத்திருந்ததாம். புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பியிருக்கிறது. அதிலிருந்த விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ராத்திரி ஜன்னல்கள் மூடியிருந்தால் அந்த மூன்று பேரில் யாரும் காலையில் எழுந்திருக்க மாட்டார்கள் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். அந்த மூன்று பேர் நாங்கள்.

ஹெல்காவை இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எஸ்தர் அக்கா ஒரு நாற்காலி போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்த நர்ஸ் மாட்டிய ஆக்சிஜன் குழாய் சரியாக இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாத்திச் சொன்னே?" என்று அங்கேதான் கேட்டார்.

"வெட்கமா இருந்துச்சுக்கா. அவங்க மனசு நோகுமேன்னு."

"என்னைப் பத்தி வெட்கம்" என்றார். நான் தலைகுனிந்தேன். "சரி வுடு. ஊர்ல நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன். சொல்றதுன்னா நீயே சொல்லு."

சித்தூர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் பின் நான் பயணத்தைப் பற்றிப் பேசினேன். எஸ்தர் அக்கா எங்கள் உயிரைக் காப்பாற்றியதைச் சொன்னேன். நீங்கள் கைதட்டினீர்கள். அவர் எச்சரித்ததை மறைத்து ஒரு நாள் தாமதம் செய்தது நான் என்பதைச் சொல்லவில்லை. மூன்றாவது பெஞ்சில் அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான்கு வருடம் அவர் வாய் திறக்கவில்லை. இப்போது நான் எழுதுகிறேன். அவர் இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும்.

சென்ற மாதம் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்திருந்தார்கள். நான் துணைக்கு இருந்தேன். காது மந்தமாகிவிட்டிருந்தது. டாக்டர் முகக்கவசத்துக்குள்ளிருந்தே தெலுங்கில் தணிந்த குரலில் என்னிடம் விவரம் சொல்லிவிட்டு, "அவருக்கு இப்போது தெரிய வேண்டாமே" என்று முடித்தார். அவர் போனதும் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்தார்.

"இன்னா சொன்னாரு?"

அவர் காதருகே குனிந்து சொன்னேன். புற்றுநோய் ஈரலுக்குப் பரவிவிட்டது, அறுவை செய்து பயனில்லை, சில வாரங்கள்தான் என்றேன். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார் என்பதையும் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஜான்சனுக்கு நீயே போன் பண்ணு. குறைச்சிச் சொல்லாத. அழுவான். அழட்டும்."

அவர் மகன் ஜான்சனுக்குச் சூளூர்பேட்டையில் வேலை. வராந்தாவுக்குப் போய்க் கூப்பிட்டேன். முன்பிருந்த ஷீலாவாக இருந்தால், அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லை, நேரம் கிடைத்தால் வந்துவிட்டுப் போ என்றிருப்பாள். கேட்கிறவர் முகம் வாடும் என்பதற்காக ஒரு சொல்லையும் விழுங்காமல் சொல்கிற தைரியம் எஸ்தர் அக்கா எனக்கு விட்டுப்போனது. வேறெதுவும் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் ஜான்சனிடம் சொன்னேன். அவன் அழுது ஓயும்வரை போனை வைக்காமல் நின்றேன். பிறகு, எந்த பஸ்ஸில் வருகிறான் என்று கேட்டேன்.