அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்றைக்கும் காலையில் பசிக்காது. சர்ச்சுக்குப் போவதை விட்டு வருஷக்கணக்காகிவிட்டது, வயிறுதான் விடவில்லை. மார்மன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பாடு கிடையாது, தண்ணீரும் கிடையாது. சாயந்திரம் ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தட்டில் கை வைக்க வேண்டும்.

அந்தச் சாயந்திரச் சாப்பாடு என் வீட்டில்தான். அம்மாவும் தம்பியும் பார்சிப்பனியிலிருந்து, இதே நியூ ஜெர்சியில் நான் இருக்கும் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வருவார்கள். குழைந்த சாதம், ரசம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். என் கணவர் இருந்தபோது மத்தியானமே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, எங்களோடு மறுபடியும் உட்காருவார். "உங்க உபவாசத்துக்கு நான்தான் ஆடியன்ஸ் அத்தை" என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வரும், காட்டமாட்டாள்.

நாங்கள் சென்னையில் பெரம்பூரில் இருந்தபோது, எனக்கு ஒன்பது வயதில், வெள்ளைச் சட்டையும் டையும் போட்ட இரண்டு அமெரிக்கப் பையன்கள் கதவைத் தட்டினார்கள். அப்பா தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். அவ்வளவுதான், ஆறே மாதத்தில் வீட்டில் காபிப் பொடி இல்லை, டீத்தூள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை டிவி இல்லை. கையில்லாத ரவிக்கையெல்லாம் அம்மா தரைதுடைக்க எடுத்துப்போட்டாள். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்குச் சூடாகப் பால் கொடுப்பாள். "காபி கூடவா பாவம்?" என்று ஒரு சித்தி கேட்டுவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

எல்லாவற்றையும்விட அம்மா கறாராக இருந்தது பொய் விஷயத்தில். சித்தப்பா கல்யாணத்துக்கு ஸ்கூலுக்கு லீவு போட்டேன். கல்யாணமோ கருமாதியோ, லீவ் லெட்டரில் எல்லாரும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார்கள், டீச்சருக்கும் அது தெரியும். அம்மா மட்டும் கல்யாணம் என்றே எழுதிக்கொடுத்தாள். வகுப்பு முழுக்கப் பார்க்க டீச்சர் என்னை நிற்கவைத்தார். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். "நின்னா கால்தானே வலிக்கும்" என்றாள் அம்மா. அப்பா தூங்கும்போது போன் வந்தால், வீட்டில் இல்லை என்று சொல்லக்கூடாது, தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். நான் இப்படி எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவளாக ஆனதற்கு இதெல்லாம் ஒரு காரணமாக இருக்கலாம். வெளியே கிளம்பினால் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். யாராவது ஏதாவது கேட்டால், சொன்ன பதிலில் ஒரு வார்த்தை தப்பாகிவிட்டதோ என்று ராத்திரி முழுக்க மனசு அரிக்கும். ஆனால் அம்மா சொன்னது உண்மையா என்று மட்டும் நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அது ஒன்றுதான் என்னிடம் கவலையில்லாமல் இருந்தது.

நியூ ஜெர்சிக்கு வந்தபோது எனக்குப் பதினாலு வயது. இரண்டு வருஷத்தில் அம்மா மறுபடி உண்டானாள், படுக்கையை விட்டு எழுந்திருக்கக்கூடாது என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு இரண்டு ஷிஃப்ட். நான் ஹைஸ்கூலைப் பாதியில் விட்டேன். எங்கள் சபையில் எல்லாரும் என்னை அணைத்துக்கொண்டு, குடும்பத்தைக் கவனிப்பதைவிடப் பெரிய படிப்பு ஏது என்றார்கள். மாற்றி மாற்றிச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அந்தச் சாப்பாடு இல்லையென்றால் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டோம். ஆனால் நீ திரும்பிப் படிக்கப் போ என்று அத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இரண்டும் உண்மை. எதை முதலில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தம்பி பிறந்தான். அவனை வளர்த்தது நான்தான் என்று சொன்னால் அம்மாகூட மறுக்கமாட்டாள்.

கணவரை நான் சந்தித்தது வேலைக்குப் போன இந்தியன் க்ரோசரி கடையில். திருச்சிக்காரர், சாப்ட்வேர் வேலை, தினமும் விபூதி, தினமும் மூன்று காபி. அவரைக் கட்டிக்கொண்டதோடு நான் சர்ச்சுக்குப் போவது நின்றது. அவர் போகாதே என்று சொன்னதில்லை. நானாகத்தான் நின்றேன். சபைப் பதிவேட்டிலிருந்து பெயரை மட்டும் எடுக்கவில்லை. எடுக்கச்சொல்லி எழுதிக்கொடுக்கலாம், செய்பவர்கள் செய்கிறார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒருநாள் அவரிடம் நான் சின்ன வயதில் செய்த ஒன்றைப் பற்றிச் சொன்னேன். எங்கள் ஆலயத்தில் இறந்துபோனவர்களுக்கும் ஞானஸ்நானம் உண்டு. அவர்களுக்குப் பதிலாக உயிரோடு இருக்கும் ஒருவர் வெள்ளை உடுப்புப் போட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இறங்குவார். இறந்தவரின் பெயரைச் சொல்லி முக்கி எடுப்பார்கள். தலைமுடி ஒரு கொத்து மேலே மிதந்தாலும் திரும்ப முக்க வேண்டும். எனக்குப் பின்னல் நீளம், அதனால் இரண்டிரண்டு தடவை முங்குவேன். யார் யாரோ பெண்களுக்காக, முகம் தெரியாத பெண்களுக்காக.

அவர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. அடுத்த முதல் ஞாயிறு, ரசம் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் நேராகக் கேட்டார்.

"அத்தை, நான் உங்களுக்கு முன்னாடி போயிட்டா எனக்கும் அந்தத் தண்ணி வேலையெல்லாம் பண்ணிடுவீங்களா?"

"என்ன பேச்சு மாப்பிள்ளை இது, சாப்பிடும்போது."

"இல்ல, சொல்லுங்க. உங்க சொர்க்கத்துல டிகாஷன் கிடைக்காது, நான் அங்க வந்து என்ன பண்றது? எனக்கு வேண்டாம் அத்தை. இருக்கும்போதும் வேண்டாம், போனப்புறமும் வேண்டாம். எங்கப்பா தாத்தாவெல்லாம் எங்க போனாங்களோ அங்கயே நானும் போய்க்கறேன்."

அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "சரி மாப்பிள்ளை. பண்ணமாட்டோம்" என்றாள். தம்பி அப்போது ஹைஸ்கூலில் இருந்தான். அப்பளம் தின்றுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆறு வருஷத்துக்கு முன் அப்பா போனார். அம்மா அழுதாள், ஆனால் உடைந்துபோகவில்லை. ஆலயத்தில் செய்த கல்யாணம் சாவோடு முடியாது என்பது அவளுடைய நம்பிக்கை. இன்றைக்கும் அப்பாவைப் பற்றி வெளியூர் போனவரைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவாள்.

என் கணவர் போனது போன வருஷத்துக்கு முந்தின வருஷம். காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றவர், மாரடைப்பில் அங்கேயே சரிந்தார், ஏறவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. அவருடைய அண்ணனுக்கு விசா கிடைக்கவில்லை. காரியம் யார் செய்வது என்று புரோகிதர் கேட்டபோது, சபைக்காக வெளியூரில் இரண்டு வருஷ மிஷன் ஊழியம் முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த என் தம்பி, "நான் பண்றேன்" என்றான். அவனுக்கு வேஷ்டி கட்டத் தெரியாது, வெல்க்ரோ வேஷ்டி வாங்கிவந்தோம். வாய்க்கரிசி போட்டான். எரியூட்டும் இடத்தில் பட்டனையும் அவன்தான் அமுக்கினான். அம்மா ஓரமாக நின்றாள். "மாப்பிள்ளை விருப்பம் இதுதானே" என்றாள் காரில். அன்றைக்கு நான் நினைத்தேன், இவர்களைப் போல ஒரு குடும்பம் யாருக்கு அமையும் என்று.

இந்த வருஷம் மார்ச்சில், ஒரு வியாழக்கிழமை சாயந்திரம். நான் ஒரு டேகேரில் சமையல் செய்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற நேரம், எனக்குச் சின்ன வயதில் ஞாயிறு வகுப்பு எடுத்த வெள்ளைக்காரப் பெண்மணி பேரனைக் கூட்டிப்போக வந்தார். என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டார். ஆங்கிலத்தில் சொன்னார்: "ஹனி, நானும் அன்னைக்கு ஆலயத்துலதான் இருந்தேன். உன் தம்பி எவ்வளவு அழகா செஞ்சான் தெரியுமா. உன் ஹஸ்பண்ட் பேரு நீளம், ஆனா ஒரு எழுத்துகூடத் தடுமாறல. நீ சம்மதம் சொன்னேன்னு அம்மா சொன்னாங்க, எனக்கு அழுகையே வந்துடுச்சு."

நான் தலையாட்டினேன். தாங்க்யூ என்றுகூடச் சொன்னேன். பையனுக்கு ஜாக்கெட் ஜிப்பைப் போட்டுவிட்டேன்.

அவர் போன பிறகு சமையலறையில் போய் நின்றேன். முதலில் எனக்கு வந்தது கோபம் இல்லை. ஒரு நொடி, அப்பாடா, அவருக்கும் ஒரு இடம் ஆகிவிட்டது என்று நெஞ்சு லேசானது. அப்புறம்தான் என் மேலேயே அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷம் தள்ளி வந்தும் அது உள்ளே உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

தம்பியைப் போனில் கூப்பிட்டேன். நான் தமிழில் பேசுவேன், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான்.

"மாமாவுக்குப் பண்ணினியா?"

"யெஸ்" என்றான். "அக்கா, அம்மா செட் யூ வேர் ஓகே வித் இட்."

"நீ என்கிட்ட ஏன் கேக்கல?"

"ஐ வாஸ் ஸ்கேர்ட் யூ வுட் சே நோ."

அவன் பொய் சொல்லவில்லை, அதையும் அம்மாதான் கற்றுக்கொடுத்தாள். சமீபத்தில் இறந்தவர் என்றால் மனைவியைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பது அங்கே கண்டிப்பான விதி. விதியை யாரும் மீறவில்லை. அம்மா என்னைக் கேட்டுவிட்டதாகச் சொல்லியிருக்கிறாள், அவள் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? நானே பட்டிருக்கமாட்டேன்.

அடுத்த ஞாயிறு முதல் ஞாயிறு. வரவேண்டாம் என்று சொல்ல போனை எத்தனை தடவை எடுத்தேனோ. வயசான உடம்பு, உபவாசத்தோடு மயங்கி விழுந்தால்? தம்பி கோபத்தில் வேகமாக டிரைவ் பண்ணினால்? சொல்லவில்லை. ரசம் வைத்தேன். துவையலுக்குப் பருப்பைத் தீயவிட்டு, திரும்ப வறுத்தேன்.

அம்மா வந்து ஸ்வெட்டரைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். தம்பி சொல்லியிருப்பான். தட்டு வைக்கும் முன்னே கேட்டேன்.

"நான் சரின்னு சொன்னேன்னு சொன்னியாம்மா?"

"சொன்னேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

"சொல்லல." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "கேட்டா நீ சம்மதிக்கமாட்டே. எனக்கு உங்கப்பா இருக்கார் அங்க. உனக்கு யாரு இருக்கா? நானும் போயிட்டா நீ அங்கயும் இங்கயும் தனியா நிப்பே. என்னால அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது, கண்ணு."

"அவருக்குத்தானே வாக்கு கொடுத்தே. இதே மேஜையில."

"கொடுத்தேன்." அம்மா டம்ளரை நகர்த்தி நேராக வைத்தாள். "அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், சொல்ற இடத்துல."

தம்பி குனிந்தபடியே, "அக்கா, இட்ஸ் ஒன்லி அன் ஆஃபர். ஹி கேன் ஸ்டில் சே நோ" என்றான். அதுவும் சரிதான். இறந்தவருக்கு அங்கே ஏற்கவும் மறுக்கவும் உரிமை உண்டு என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சின்ன வயதில் எனக்கு அது பெரிய ஆறுதல், யாரையும் வலுக்கட்டாயம் பண்ணவில்லை என்று.

"அவர் சொல்லிட்டார்டா" என்றேன். "நீயும்தான் உக்காந்து கேட்டே. இன்னும் எத்தனை தடவை சொல்லணும் அவர்?"

அவனுக்குக் கண் நிறைந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் அதட்டினால் இப்படித்தான் கீழுதட்டைக் கடிப்பான். எழுந்து போய்த் தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்தே இருந்தேன்.

வேறு வழியில்லாமல் சாதம் போட்டேன். அம்மா ரசத்தை ஊற்றிக்கொள்ளாமல், வழக்கம்போலக் கைகளைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் ஒருவர் சொல்வார், முடிந்ததும் மற்றவர்கள் சத்தமாக ஆமென் சொல்ல வேண்டும். நான் சர்ச்சுக்குப் போவதை விட்ட பிறகும், என் கணவர் பக்கத்தில் இருக்கும்போதும், அந்த ஆமென்னை மட்டும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். அம்மாவுக்காக என்று வைத்துக்கொண்டேன். அவரும் சில நாள் கிண்டலுக்குச் சொல்வார்.

அம்மா உணவுக்கு நன்றி சொன்னாள். செய்த கைகளுக்கு நன்றி சொன்னாள். அப்பாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு என் கணவர் பெயரைச் சொல்லி, அவரை அங்கே நல்லபடியாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள். முழுப்பெயர், இனிஷியலோடு. முடித்தாள்.

தம்பி வாயைத் திறந்தான், என்னைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

என் நாக்கு நுனியில் அந்த ஆமென் வந்து நின்றது. அதைப் பிடித்துவைக்க நான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. கட்டிய கைகளோடு, தலை குனிந்தபடி, நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. ரசத்தின் மேல் ஆவி குறைந்துகொண்டே வந்தது.

"சாப்பிடும்மா" என்றேன். "ஆறுது."